ஆறில்லாத ஊரில் அருவி கொட்டும் கொப்பிகள்: வர்ணனை எழுதக் கற்றுக்கொடுப்பவர்களுக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடுகின்ற ஆறு ஒன்றுகூட இல்லை. மாரி மழைக்கு மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் போய்ச் சேரும் வழுக்கையாறுதான் உண்டு. மலை என்று காட்டவும் எதுவும் இல்லை. கீரிமலையும் பெயரளவில்தான் மலை. ஆனால் "இயற்கையின் அழகு" என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். கொப்பிக்குக் கொப்பி ஆறு சலசலக்கும், வெள்ளியை உருக்கி வார்த்தாற்போல அருவி கொட்டும், மலைமுகட்டை முகில் தழுவும். எழுதிய பிள்ளை அன்று காலை கடந்து வந்ததோ வல்லை வெளியையும், உப்புக் காற்றில் தகரம் அரித்துப்போன ஒரு பஸ் தரிப்பிடத்தையும். அவை இரண்டும் கட்டுரைக்குள் தலைகாட்டவே மாட்டா.

பிள்ளையைக் குறைசொல்லிப் பயனில்லை. மாதிரிக் கட்டுரைப் புத்தகம் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதை மனப்பாடம் செய்தவருக்குத்தான் இதுவரை புள்ளி கிடைத்திருக்கிறது. பாடசாலையிலோ வீட்டு விறாந்தையில் நடக்கும் ரியூசன் வகுப்பிலோ தமிழ் கற்பிக்கப் புதிதாக வந்திருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தரம் 6 முதல் 11 வரையான பிள்ளைகளுக்கு இந்த முறை பொருந்தும். சிறிய வகுப்புகளுக்கு எழுத்தைக் குறைத்துப் பேச்சைக் கூட்டிக்கொள்ளலாம்.

என் கட்சி இதுதான்: நல்ல வர்ணனையை எழுதிக்கொடுப்பது வினைச்சொல். எந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பார்க்கப் பழகிய பிள்ளைக்கு "அழகான", "ரம்மியமான", "எழில்மிகு" என்ற மூன்றும் தேவைப்படாது.

தலைப்பைச் சிறிதாக்குங்கள்

"நல்லூர்த் திருவிழா" என்று கரும்பலகையில் எழுதினால் என்ன கிடைக்கும்? 25 நாள் திருவிழாவையும் ஒரு பக்கத்துக்குள் அடைக்கப் பிள்ளை பாடுபடும். கொடியேற்றம், மஞ்சம், கார்த்திகை, சப்பரம், தேர், தீர்த்தம் என்று நிகழ்ச்சிநிரல் வரும். கடைசியில் "கண்கொள்ளாக் காட்சியாகும்" என்று முடியும். கண்ணே கொள்ளாத காட்சியைக் கொப்பி எப்படிக் கொள்ளும் என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டாம், பிள்ளை பாவம்.

அதற்குப் பதிலாகத் "தேர் முடிந்தபின் செருப்பைத் தேடியது" என்று கொடுங்கள். உடனே உள்ளங்காலைச் சுடும் மணல் வந்துவிடும். ஒரே நிறத்தில் குவிந்து கிடக்கும் ரப்பர்ச் செருப்புகள் வரும். ஒரு கால் கிடைத்து மறுகால் கிடைக்காத எரிச்சல் வரும். கூட்டத்தில் யாரோ முழங்கையால் இடிப்பது வரும். கச்சான் (நிலக்கடலை) கடையின் மணம் அழைக்காமலே வரும். திருவிழா முழுவதும் அந்தச் செருப்புக் குவியலுக்குப் பின்னால் தெரியும்.

தலைப்பு போதிய அளவு சிறிதா என்று பார்க்க ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளலாம்: பிள்ளை ஓரிடத்தில் நின்றபடி பத்து நிமிடத்துக்குள் காணக்கூடியதாக இருக்க வேண்டும். "யாழ்ப்பாணச் சந்தை" பெரியது. "திருநெல்வேலிச் சந்தையில் ஒருவர் வெங்காயம் நிறுப்பது" சரியான அளவு. "கடற்கரை" பெரியது. "குறிகட்டுவானில் நெடுந்தீவு வள்ளத்துக்குள் ஏறுவது" சரி.

இன்னொன்றையும் புதிய ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். "எனது வீடு", "எனது தந்தை" என்ற தலைப்புகள் வேறு ஊர்களில் எளியவையாக இருக்கலாம். இங்கே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் ஒருவருடைய தகப்பனார் இல்லாமல் இருக்கலாம், வெளிநாட்டில் இருக்கலாம். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களில், பிள்ளைகள் தம் சொந்த வளவைக் காணாமலே வளர்ந்த வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட தலைப்பைக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் பக்கத்தில் வேறொரு தலைப்பையும் வையுங்கள். எதை எழுதுவது என்பதைப் பிள்ளை முடிவுசெய்யட்டும். ஏன் அதை எடுத்தாய் என்று கேட்காதீர்கள்.

முதல் வகுப்பு: ஒரு துண்டு புழுக்கொடியல்

முதல் பாடவேளையில் பேனையை எடுக்க விடாதீர்கள். ஒரு பொருளை வகுப்புக்குக் கொண்டு போங்கள். என் விருப்பம் புழுக்கொடியல்: பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தது. எல்லா வீட்டுக்கும் தெரிந்தது, மலிவானது, கெட்டுப்போகாது, ஐந்து புலனுக்கும் வேலை கொடுக்கக்கூடியது. விரல் நுனி அளவுத் துண்டுகளாக முறித்து, ஆளுக்கு ஒன்று கொடுத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். (பல் பலவீனமான பிள்ளையும், சாப்பிடக் கூடாத பிள்ளையும் வகுப்பில் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் முறித்தும் மணந்தும் பார்த்தால் போதும்.)

கண்ணை மூடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "வர்ணித்து எழுது" என்றாலே பிள்ளைகள் நிறத்தையும் வடிவத்தையும் எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். தொல்காப்பியத்தின் மரபியலில் உயிர்களை அறிவின்படி வரிசைப்படுத்தும் பகுதி நினைவிருக்கும். ஓரறிவு தொட்டுணர்வது, இரண்டாவது நாக்கு, மூன்றாவது மூக்கு, நான்காவதுதான் கண், ஐந்தாவது காது, ஆறாவது மனம். அங்கே அது உயிர்களின் வகைப்பாடு. வகுப்பறையில் அதே வரிசையை எழுதும் வரிசையாக வைத்துக்கொண்டால் நன்றாக வேலை செய்கிறது. கண் நான்காவது இடத்துக்குப் போய்விடுவதால் அதற்கு முந்தைய மூன்றையும் பிள்ளை தாண்டியே ஆக வேண்டும்.

கேள்விகளையும் அந்த வரிசையிலேயே கேளுங்கள். விரலுக்கு எப்படி இருக்கிறது? "கடினமாக இருக்கிறது" என்பார்கள். ஏற்றுக்கொள்ளாமல், "எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். "நகம் இறங்கவில்லை" என்று ஒரு பிள்ளை சொல்லும். அந்த இடத்தில் நிறுத்தி, அந்த வசனத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். "கடினமாக இருக்கிறது" என்பது தீர்ப்பு. "நகம் இறங்கவில்லை" என்பது சாட்சி. வாசிப்பவர் சாட்சியைக் கேட்டுத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்வார்.

வாயில் போட்டபின் பொறுமை வேண்டும். முதலில் சுவையே தெரியாது. கடித்தால் "கடக்" என்று உடையும்; பிறகு மாவாக நொறுங்கி நாக்கில் ஒட்டும்; மெல்ல மெல்லக் கைப்பும் அதற்குப் பின்னால் இனிப்பும் ஊறும்; கடைசியில் தும்பு பல்லுக்குள் சிக்கும். உடைதல், நொறுங்குதல், ஒட்டுதல், ஊறுதல், சிக்குதல் என்று ஐந்து வினை வந்துவிட்டதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒரு பெயரடைகூட இல்லாமல் ஒரு பந்திக்குரிய சரக்குச் சேர்ந்திருக்கும்.

"எப்படித் தெரியும்?" என்ற இந்த ஒரு கேள்வியை ஆண்டு முழுவதும் கைவிடாதீர்கள். "இன்னும் விவரித்து எழுது" என்றால் பிள்ளைக்கு அடுத்து என்ன செய்வதென்று விளங்காது. இன்னும் இரண்டு அடைமொழியைச் சேர்த்துவிட்டு வரும். "அப்பாச்சிக்குக் கோபம் என்று எழுதியிருக்கிறாய். எப்படித் தெரியும்?" என்றால் அது யோசிக்கும். "பாக்கை வழமையைவிட வேகமாக நறுக்கினா" என்று பதில் வரும்.

வசனத்தின் கடைசிச் சொல்

தமிழ் வசனத்தில் பயனிலை கடைசியில் வருகிறது. வாசிப்பவர் அதுவரை காத்துக்கொண்டிருக்கிறார். பிள்ளையோ வசனத்தின் தொடக்கத்திலேயே சொல் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டுக் கடைசியில் களைத்துப்போய் "காணப்பட்டது" என்று எழுதிவிட்டுப் போய்விடும். திருத்த எடுத்த கொப்பிகளில் வசனங்களின் கடைசிச் சொல்லை மட்டும் மேலிருந்து கீழே வாசித்துப் பாருங்கள். இருந்தது, காணப்பட்டது, காட்சியளித்தது, விளங்கியது, அமைந்திருந்தது, மீண்டும் காணப்பட்டது.

ஆகவே இரண்டாவது வகுப்பில் ஒரு தடைச்சட்டம் போடுங்கள். அந்த ஐந்து சொற்களையும் கரும்பலகையின் மூலையில் எழுதி வட்டமிட்டு, அன்றைய பாடவேளை முடியும்வரை யாரும் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருக்கும், முதல் பத்து நிமிடம் திணறவும் செய்வார்கள். தடை அன்றைக்கு மட்டுமே என்பதையும் சொல்லுங்கள். "இருந்தது" நல்ல சொல்தான். எல்லா வசனத்தையும் அதன் தலையில் கட்டுவதுதான் தவறு.

பயிற்சிக்கு ஒரு பந்தி தருகிறேன். வழமையாக வரும் பந்தி இப்படி இருக்கும்:

"எங்கள் வீட்டின் பின்புறத்தில் ஓர் அழகான கிணறு காணப்படுகிறது. அதன் நீர் மிகவும் தெளிவாக இருக்கும். காலையில் அம்மா அதில் தண்ணீர் அள்ளுவார். அது பார்ப்பதற்கு மிகவும் ரம்மியமாக இருக்கும்."

பிழை ஒன்றுமில்லை. எழுத்துப்பிழைகூட இல்லை. ஆனால் இது எந்த வீட்டுக் கிணறும் ஆகலாம். பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள். தெளிவு என்று எப்படித் தெரியும்? அம்மா அள்ளும்போது முதலில் என்ன சத்தம் கேட்கும்? கயிறு என்ன செய்யும்? வாளி புதியதா, பழையதா? பதில்களைச் சேர்த்தால் ஏறத்தாழ இப்படி வரும்:

"கப்பி கிறீச்சிடும். கயிறு அம்மாவின் கைக்குள்ளால் வழுக்கிக்கொண்டு இறங்கும். வாளி நீரில் மோதும் சத்தம் சுவரில் பட்டுச் சற்றுப் பிந்தி மேலே ஏறி வரும். அம்மா இழுக்க இழுக்க, ஓட்டை வாளி பாதித் தண்ணீரைத் திரும்பவும் கிணற்றுக்கே சிந்திவிடும். சிந்தி அடங்கியதும் எட்டிப் பார்த்தால், போன வருடம் தம்பி போட்ட ஐந்து ரூபாய்க் குற்றி அடியில் மின்னும்."

"தெளிவு" என்ற சொல் போய்விட்டது. குற்றி மின்னுவதால் நீர் தெளிந்திருப்பது தெரிகிறது. "அழகு" போய்விட்டது, யாரும் தேடவில்லை. வாளி ஒழுகுவதால் அந்த வீட்டைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்கிறோம். கிணறு என்றவுடன் துலா மிதிப்பதை எழுதும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே. மோட்டார் இரைவதை, குழாய் தும்முவதை, கேத்திலின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிவதை எழுதச் சொல்லுங்கள். நம் நிலத்தடிச் சுண்ணக்கல் கேத்தில்வரை வந்து நிற்கிறது என்பது எந்தத் துலாவையும்விடச் சுவையான செய்தி.

இனி, சொற்களஞ்சியம். அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யவைக்காதீர்கள், வேட்டையாட விடுங்கள். வகுப்பை நாலு குழுவாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொதுவினையைக் கொடுங்கள். "சாப்பிடு" கிடைத்த குழு கொறித்தல், மெல்லுதல், குதப்புதல், விழுங்குதல், சூப்புதல், நக்குதல், உறிஞ்சுதல் என்று கொண்டுவரும். "நட" கிடைத்த குழு ஊர்தல், நொண்டுதல், தள்ளாடுதல், பதுங்குதல், தத்துதல், விரைதல் என்று வரும். சேர்த்தபின் ஒவ்வொரு வினைக்கும் உரியவரைக் கேளுங்கள். கச்சானைக் கொறிப்போம், பனம்பழத்தைக் கொறிக்க முடியுமா? மாங்கொட்டையைச் சூப்புவோம், இடியப்பத்தை? சிரிப்புக்கு நடுவே சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு பதிந்துவிடும்.

இந்த வேட்டையில் ஓர் ஆபத்து உண்டு. வலிமையான வினை என்றால் உரத்த வினை என்று பிள்ளைகள் எண்ணிவிடுவார்கள். அடுத்த கட்டுரையில் காற்று சீறும், அலை கர்ச்சிக்கும், சைக்கிள் பாயும், தேத்தண்ணீர்கூடக் கொந்தளிக்கும். அப்போது இந்தப் பயிற்சியைக் கொடுங்கள்: "அவன் படலையைத் திறந்தான்" என்ற வசனத்தின் வினையை மட்டும் மாற்ற வேண்டும். படலையைத் தள்ளினான். உதைத்தான். நீக்கினான். தூக்கித் திறந்தான். ஒவ்வொன்றையும் வாசித்து, வருபவன் யார், எந்த மனநிலையில் வருகிறான் என்று வகுப்பைக் கேளுங்கள். உதைத்தவனைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். தூக்கித் திறந்தவனைப் பற்றி யோசித்துத்தான் சொல்வார்கள்: படலை இழுபடும் சத்தம் வீட்டுக்குள் கேட்கக் கூடாது என்று நினைக்கிறான், அல்லது அந்தப் படலையின் குணம் தெரிந்த வீட்டுக்காரன். சத்தமே இல்லாத வினை கூடுதலாகச் சொல்லிவிடுகிறது. சோறு பரிமாறினார், போட்டார், கொட்டினார் என்ற மூன்றையும் இதேபோல் எடுத்துக்கொள்ளலாம்.

எச்சங்களை வேலைக்கு எடுங்கள்

பெயரெச்சத்தையும் வினையெச்சத்தையும் இலக்கணப் பாடத்தில் கற்பிக்கிறோம், வினாத்தாளில் கேட்கிறோம், கட்டுரை வகுப்பில் மறந்துவிடுகிறோம். வர்ணனைக்கு இவற்றைவிட நல்ல கருவி தமிழில் இல்லை.

பெயரடைக்குப் பதிலாகப் பெயரெச்சம் போடவைத்துப் பாருங்கள். "பழைய வேலி" என்பதை "கறையான் அரித்த வேலி" என்று மாற்றலாம், "மாடு தின்று ஓட்டையாக்கிய வேலி" என்றும் மாற்றலாம். இரண்டும் பழையவை, இரண்டும் வேறு வேறு வேலிகள். "வயதான கைகள்" என்பது "புகையிலை கட்டிக் காய்த்துப்போன கைகள்" ஆகட்டும். அடைக்குள்ளேயே ஒரு செயல் ஒளிந்திருப்பதால் வசனம் நின்றுபோகாமல் நகரும்.

வினையெச்சத்துக்கு மீன்சந்தைதான் நல்ல பள்ளிக்கூடம். பாசையூரிலோ சின்னக்கடையிலோ மீன் வெட்டுபவர் ஒருவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். "பாரையை வாலில் பிடித்துத் தூக்கி, குற்றியில் போட்டு, செதில் சீவி, செவுளைப் பிடுங்கி, குடலை வழித்தெறிந்து, நாலு துண்டமாக்கிப் பையில் போட்டுவிட்டு, அடுத்த ஆளை நிமிர்ந்து பார்த்தார்." கத்தியின் வேகம் வசனத்தின் வேகமாகிவிட்டது; "மிக வேகமாக" என்று எழுதத் தேவையில்லை. ஆனால் எல்லா வசனத்தையும் இப்படிச் சங்கிலியாக்கினால் வாசிப்பவருக்கு மூச்சு முட்டும். ஒரு பந்திக்கு ஒன்று போதும். அதற்கு அடுத்த வசனம் இரண்டு சொல்லில் முடியட்டும்.

காதும் மூக்கும்

இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்பது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். மழை தகரத்தில் சடசடக்கிறது என்றும் தெரியும். அதே மழை ஓட்டில் எப்படி விழுகிறது, கிடுகில் எப்படி விழுகிறது என்று கேளுங்கள். ஒக்டோபரில் தொடங்கும் மாரி இந்தப் பயிற்சிக்கு வாய்ப்பான காலம். கேட்டுவிட்டு வந்து எழுதட்டும். அகராதியில் இல்லாத ஒலியை எழுதினாலும் வெட்டாதீர்கள். "சொத்" என்று விழுந்தது, "மடார்" என்று சாத்தியது என்பவற்றையும் யாரோ ஒருவர் காதால் கேட்டுத்தான் முதலில் சொல்லியிருப்பார்.

தைப்பொங்கலை ஒட்டிப் பட்டக் காலம் வரும்போது விண் (காற்றில் ஒலியெழுப்பும் நார்) பூட்டிய பட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவுக்குப் போன பிள்ளைகள் வகுப்பில் கட்டாயம் இருப்பார்கள். விண் என்ன செய்கிறது? கூவுகிறது என்பார் ஒருவர். உறுமுகிறது, முரலுகிறது, அழுகிறது. சண்டை பிடிக்க விடுங்கள். பட்டத்தின் பருமனையும் காற்றின் வேகத்தையும் பொறுத்து ஒலி மாறும் என்பதால் எல்லோரும் சரியாகவே சொல்லியிருக்கலாம். யாருடைய பட்டம், எப்போது கேட்டது என்று விசாரித்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் வெளியே வரும்.

காற்றையும் பெயர் சொல்லி எழுதட்டும். "காற்று வீசியது" என்ற வசனத்தில் ஒன்றுமில்லை. ஆண்டின் நடுவில் புழுதியை அள்ளிவந்து பல்லுக்குள் நறநறக்க வைக்கும் சோளகம் வேறு; மாரியில் கழுத்துக்குள் புகும் வாடை வேறு. வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் கொண்டலையும் கச்சான் காற்றையும் சேர்த்துச் சொல்வார்கள்.

மணம்தான் பிள்ளைகளுக்குக் கடினம். "கமகமவென்று மணம் வீசியது" அல்லது "துர்நாற்றம் வீசியது" என்ற இரண்டுக்கு மேல் போகமாட்டார்கள். இரண்டு கேள்வி கேளுங்கள்: எதனுடைய மணம்? அது உன்னை என்ன செய்தது? மீன் வெடுக்கு கையை விட்டுப் போகாது. நனைந்த சீருடை மூலையில் கிடந்து புழுங்கும். தூளுக்கு மிளகாய் வறுக்கும் வீட்டைத் தெருவில் போகிறவர் தும்மிக்கொண்டே கண்டுபிடிப்பார். நெடி மூக்கில் ஏறும், தொண்டையில் நிற்கும், கண்ணைக் கரிக்கும், உடுப்பில் ஒட்டிக்கொண்டு வகுப்புவரை வரும். இப்படி எழுதும்போது மூக்கும் வினைச்சொல்லுக்குத்தான் வந்து சேர்கிறது.

ஐந்து புலனையும் ஒவ்வொரு பந்தியிலும் திணிக்கச் சொல்லாதீர்கள். பட்டியல் போட்டு நிரப்பியது உடனே தெரிந்துவிடும். ஒரு பந்தியை ஒரு புலன் ஆளட்டும், இன்னொன்று எட்டிப் பார்க்கட்டும்.

உவமையைக் கொஞ்சக் காலம் தள்ளிவைக்கலாம். முத்துப்போன்ற பல், பால்போன்ற நிலா, வெண்பஞ்சுபோன்ற முகில் எல்லாம் யாரோ எப்போதோ பார்த்தவை. பிள்ளை தான் கையில் பிடித்த பொருளோடு ஒன்றை ஒப்பிடும் நாள் வரும். அன்றைக்குத் தாராளமாக அனுமதியுங்கள்.

ஊர்ச்சொல்லை வெட்டாதீர்கள்

படலை, வளவு, கதியால், தாவாரம், சுளகு, கடகம், நீத்துப்பெட்டி, காவோலை, வடலி, தட்டிவான். இவற்றைப் "பேச்சுவழக்கு" என்று சிவப்புக் கோடு போடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கடகத்துக்குக் "கூடை" என்று எழுதினால் பொருளே மாறிவிடும். பனையோலையில் இழைத்த அந்தச் சாமானுக்கு வேறு பெயர் கிடையாது. பேச்சுவழக்கு என்று திருத்த வேண்டியது வினைமுற்றைத்தான்: "போறன்", "வந்திட்டினம்" என்பவை கட்டுரையில் "போகிறேன்", "வந்துவிட்டார்கள்" ஆகட்டும். பாத்திரம் பேசும் இடத்தில், மேற்கோள் குறிக்குள், அவற்றையும் விட்டுவிடலாம். அப்பாச்சி எழுத்துத் தமிழில் ஏசினால் யாருக்கும் பயம் வராது.

திருத்தும்போது

நாற்பது கொப்பியையும் முழுதாகத் திருத்தினால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும், பிள்ளையும் அத்தனை சிவப்பைப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடிவிடும். ஒரு பந்தியை மட்டும் எடுங்கள். அதில் நன்றாக விழுந்த வினைச்சொல் ஒன்றுக்குக் கீழே கோடிடுங்கள். ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: "எப்படித் தெரியும்?", "என்ன சத்தம்?", "கயிறு என்ன ஆனது?" அந்தக் கேள்விக்குப் பதிலாக அந்தப் பந்தியைத் திரும்ப எழுதுவதே அடுத்த வீட்டுவேலை. நீங்கள் நல்ல வசனத்தை எழுதிக்கொடுக்க வேண்டாம். கை துறுதுறுக்கும், கொடுத்தால் அது இன்னொரு மாதிரிக் கட்டுரை ஆகிவிடும்.

எழுதியதை உரக்க வாசிக்கச் செய்யுங்கள். பொய்யாக எழுதிய இடத்தில் பிள்ளையின் குரலே வேகம் பிடித்து ஓடும், உண்மையாகப் பார்த்த இடத்தில் நிதானிக்கும். வகுப்பும் அதைக் கண்டுபிடித்துவிடும்.

பெற்றோர் வந்து "பரீட்சைக்கு இது உதவுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முன்னுரை, முடிவுரை என்ற கட்டுக்கோப்பைக் கைவிடச் சொல்லவில்லை என்று விளக்குங்கள். மண்டபத்தில் நேரம் குறைவு. கட்டுரையின் நடுவில் ஐந்தாறு வசனம் பிள்ளை கண்ணால் கண்டதாக இருந்தாலே அந்த விடைத்தாள் பக்கத்து மேசை விடைத்தாளிலிருந்து வேறுபட்டுவிடும். ஒரே அருவியை அடுக்கடுக்காகத் திருத்திக் களைத்தவருக்கு ஓட்டை வாளி ஒன்று எதிர்ப்படுவது சிறிய விடயமில்லை.

தலைப்புத் தேடுபவர்களுக்குச் சில: பண்ணைப் பாலத்தில் தூண்டில் போடுபவரின் கைகள். யாழ்தேவி ரயில் நிலையத்துக்குள் நுழையும்போது மேடையில் நிற்பவர்கள் செய்வது. சாவகச்சேரிச் சந்தையில் ஒருவர் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குவது. ஒடியற் கூழ் கொதிக்கும் பானையைச் சுற்றி நிற்கும் வீடு. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைத் தோலுரிக்காமல் தின்னும் தம்பி. மின்சாரம் நின்ற முதல் ஒரு நிமிடம். சைக்கிள் கடையில் ஒட்டுப் போடுவது. தலைப்பை வெள்ளிக்கிழமை கொடுத்து, சனி ஞாயிறில் பார்த்துவிட்டு வரச் சொல்லித் திங்கட்கிழமை எழுதவையுங்கள். சனியும் ஞாயிறும் முழுக்க ரியூசன் என்று பிள்ளைகள் முறையிட்டால், ரியூசனுக்குப் போகும் வழியில் இருப்பதாகப் பார்த்து ஒரு தலைப்பைக் கொடுத்துவிடுங்கள்.